ரீங்காரச்சிட்டுக் குடுவையைச் சுத்தம் செய்யும் முறை

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வசந்தம் பிறந்ததும், செந்தொண்டை ரீங்காரச்சிட்டுகளை (பூந்தேன் குடிக்கும் ‘ஹம்மிங்பேர்ட்’ என்னும் சிறு பறவைகளை) எதிர்பார்த்துத் தோட்டத்தில் சர்க்கரைநீர்க் குடுவையைத் தொங்கவிடுவார்கள். அதைக் கழுவுவதில்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வெயிலில் சர்க்கரைநீர் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்; அதைக் குடிக்கும் பறவை நோய்வாய்ப்படலாம்.

முதலில், மீந்திருக்கும் நீரை முழுவதுமாகக் கொட்டிவிடுங்கள். பழைய நீரின் மேலேயே புதியதை ஊற்றக் கூடாது. பிறகு எல்லாப் பாகங்களையும் கழற்றி, வெந்நீர் விட்டு, புட்டி கழுவும் தூரிகையால் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். அலகு நுழையும் துளைகளையும், மூடியின் திருகு வரிகளையும், ரப்பர் வளையத்தின் அடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் ஒட்டியிருப்பது தெரியும். பெரிய தூரிகை அங்கே எட்டாது என்பதால் மெல்லிய தூரிகை ஒன்று தேவை. இதனால்தான், புதிதாக வாங்குபவர்கள் அழகைவிட எளிதில் கழற்றக்கூடிய அமைப்பைப் பார்த்து வாங்குவது நல்லது என்பேன்.

தேய்த்தும் கறுப்பு போகவில்லையென்றால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து ஊறவைக்கலாம். பூஞ்சை மிகுதியாக இருந்தால், 4 லிட்டர் நீருக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, நன்றாக உலரவிட வேண்டும். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

புதிய நீருக்கு, ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரையை நான்கு பங்கு நீரில் கரைத்தால் போதும். தேன், நாட்டுச்சர்க்கரை, சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். குடுவையின் சிவப்பு நிறமே பறவையை வரவழைத்துவிடும்.

வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தினமும், மிதமான வெயிலில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையும் நீரை மாற்றி, மாற்றும்போதெல்லாம் குடுவையைக் கழுவுங்கள். நீர் கலங்கியிருந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எறும்பைத் தடுக்க, கொக்கிக்குக் கீழே நீர் நிரப்பிய சிறு கிண்ணத்தைப் பொருத்தலாம். எண்ணெயோ கிரீஸோ பூசினால் சிறகில் ஒட்டிக்கொள்ளும்.

இலையுதிர்காலத்தில், கடைசிப் பறவையைக் கண்ட பிறகும் இரண்டு வாரம் குடுவையை விட்டுவைத்து, பின்னர் கழுவி உலர்த்தி எடுத்துவைக்கலாம். அன்னா ரீங்காரச்சிட்டு என்னும் வேறோர் இனம் குளிர்காலத்திலும் தங்கும் பசிபிக் கரையோரத்தில், நீர் உறையும் இரவுகளில் குடுவையை வீட்டுக்குள் எடுத்துவைத்து, விடியும் முன்பே மீண்டும் மாட்டிவிட வேண்டும்.