வெள்ளீயத்தின் அணைவு எண்ணைக் கண்டறிவது எப்படி?

கார்பனோடு பிணைந்த வெள்ளீயச் (டின்) சேர்மங்களில், வாய்ப்பாட்டில் நான்கு தொகுதிகள் இருப்பதால் வெள்ளீயத்தின் அணைவு எண்ணும் (அதனுடன் நேரடியாகப் பிணைந்த அணுக்களின் எண்ணிக்கை) நான்குதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டிரைமெத்தில்டின் ஃபுளோரைடு திண்ம நிலையில் ஃபுளோரின் பாலங்களால் சங்கிலியாகி ஐந்தை எட்டுகிறது. டைமெத்தில்டின் டைஃபுளோரைடு தாள்தாளாக அடுக்கப்பட்டு ஆறை எட்டுகிறது. அதில் இரு மெத்தில்களும் நேர் எதிரெதிரே நிற்கும்.

மெத்தில் சேர்மமானால் சாதாரண புரோட்டான் என்எம்ஆரிலிருந்தே (ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) தொடங்கலாம். மெத்தில் கோட்டின் இருபுறமும் சிறிய துணைக்கோடுகள் தெரியும். உள்ளிணை வெள்ளீயம்-117 தருவது, வெளியிணை 119 தருவது. வெளியிணையின் இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள முழுத் தொலைவை ஹெர்ட்ஸில் அளந்து, அதை 'ஜே' என்று வைத்து இதில் இடுங்கள்:

கோணம் = 0.0161 × ஜே² − 1.32 × ஜே + 133.4

கிடைப்பது கார்பன்–வெள்ளீயம்–கார்பன் கோணம். டிரைமெத்தில்டின் குளோரைடு டியூட்டரேற்றிய குளோரோஃபார்மில் சுமார் 58 ஹெர்ட்ஸ் காட்டும். கோணம் 111°, அதாவது நான்முகி. அதையே டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) கரைத்தால் சுமார் 70 ஹெர்ட்ஸ், கோணம் 120°. கரைப்பானின் ஆக்சிஜன் வெள்ளீயத்துக்கு எலக்ட்ரான் இணையைத் தந்து ஐந்தாவது ஈனியாகிவிட்டது. அதனால் முதல் அளவீட்டுக்கு டிஎம்எஸ்ஓ வேண்டாம்.

பலரும் தவறுவது இங்கேதான்: மையக்கோட்டிலிருந்து ஒரு துணைக்கோடு வரை மட்டும் அளந்து பாதி மதிப்பை இடுகிறார்கள். 70-க்குப் பதில் 35 இட்டால் 107° வரும். 99-க்குப் பதில் 49.5 இட்டாலும் ஏறக்குறைய அதே 107.5°-தான், சரியான விடையோ 161°. எந்தச் சேர்மமும் நான்முகியாகவே தெரிவதால் பிழை கண்ணில் படாது.

அடுத்தது வெள்ளீயம்-119 என்எம்ஆர். இதில் டெட்ராமெத்தில்டின் கோட்டைச் சுழியாக வைத்து, மற்றவற்றின் இடப்பெயர்ச்சியைப் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளப்பார்கள். பியூட்டைல் சேர்மங்களில் +200 முதல் −60 பிபிஎம் வரை நான்கு, −90 முதல் −190 வரை ஐந்து, −210 முதல் −400 வரை ஆறு என்று கொள்ளலாம். ஃபினைலுக்கு இதே எல்லைகளைப் பயன்படுத்தாதீர்கள்: டிரைஃபினைல்டின் குளோரைடு நான்கு அணைவிலேயே −45-ஐ ஒட்டி, அதாவது நான்குக்கான எல்லையின் விளிம்பருகே வரும். புரோட்டான் இணைப்பு நீக்கத்தை (புரோட்டான்களால் கோடுகள் பிளவதைத் தடுக்கும் கதிர்வீச்சு) தரவு பதியும்போது மட்டும் இயக்குங்கள். இந்த அணுக்கருவின் சுழல்காந்த விகிதம் (காந்தத் திருப்புத்திறனுக்கும் சுழல் உந்தத்துக்கும் உள்ள விகிதம்) எதிர்க்குறி கொண்டது. நீக்கம் முழுநேரமும் ஓடினால் சைகை மெலியும், சிலநேரம் மறைந்தே போகும்.

ஐந்து அணைவில் (நடுத்தளத்தில் மூன்று, அதற்கு மேலும் கீழும் அச்சில் ஒவ்வொன்று) யார் எங்கே உட்காருவார்கள்? எலக்ட்ரான் கவர்தன்மை மிக்கவை அச்சு முனைகளுக்கும், கார்பன்கள் நடுத்தளத்துக்கும் போகும். டிரைமெத்தில்டின் குளோரைடு–பிரிடின் அணைவில் குளோரினும் நைட்ரஜனும் அச்சில் இருப்பதை 1963-லேயே எக்ஸ்-கதிர் படிகவியல் காட்டியது. இந்த ஐந்தாவது பிணைப்பை விளக்க வெள்ளீயத்தின் காலியான 5டி ஆர்பிட்டால்களை இழுக்க வேண்டியதில்லை. அவை ஆற்றலில் மிக மேலே இருக்கின்றன. அச்சில் மூன்று அணுக்கள் நான்கு எலக்ட்ரான்களைப் பகிர்கின்றன. அச்சுப் பிணைப்புகள் நீள்வதும் அதனால்தான்.

படிகத் தரவில் வெள்ளீயம்–ஆக்சிஜன் 2.0–2.2 ஆங்ஸ்ட்ராம் என்றால் முழுச் சகப்பிணைப்பு. 2.2–2.5 பெரும்பாலும் ஈதல் பிணைப்பு (இரு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனே தருவது). வாண்டர்வால்ஸ் ஆரங்களின் (பிணையாத அணுக்கள் நெருங்கக்கூடிய எல்லை) கூடுதல் சுமார் 3.7, அதற்குள் இருக்கிறது என்பதற்காக மட்டும் 3.2-ஐப் பிணைப்பாக எண்ணாதீர்கள், கோணங்கள் உண்மையிலேயே விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கரைசலும் படிகமும் முரண்பட்டால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். டிரைஆல்கைல்டின் கார்பாக்சிலேட்டுகள் பல, படிகத்தில் ஐந்து அணைவுச் சங்கிலிகள். குளோரோஃபார்மில் உடைந்து நான்காகிவிடும். படிகம் கிடைக்காத டைஆல்கைல் சேர்மமானால் திண்மத்தை மோஸ்பவர் நிறமாலையில் (வெள்ளீய அணுக்கரு காமா கதிரை உட்கவர்வதை அளப்பது) பாருங்கள்: ஆறு அணைவில் நான்முனைப் பிளவு (அதன் இரு கோடுகளுக்கு இடையேயான தொலைவு) 4 மிமீ/வினாடியை ஒட்டினால் ஆல்கைல்கள் எதிரெதிரே, 2-ஐ ஒட்டினால் அருகருகே.