நாய் பூனையோட ஆர்.வி-ல (வண்டி வீட்டுல) குடியேறப் போறீங்களா, கிளம்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

மூணு வருஷமா எங்களுக்கு வீடுன்னா 28 அடி ட்ராவல் ட்ரெய்லர்தான், இழுக்க ஒரு பிக்கப் ட்ரக், உள்ள நான், எங்க வீட்டுக்காரர், மணின்னு ஒரு 60 பவுண்டு லேப்ரடார் கலப்பு நாய், அப்புறம் சொக்கின்னு ஒரு பூனை, உண்மையில வீட்டு ஓனர் அவதான். அமெரிக்கால வீட்டை வித்துட்டு வண்டியில குடித்தனம் பண்றோம்னு சொன்னப்போ ஊர்ல அம்மா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் போன் பண்ணி கேட்ட முதல் கேள்வியே "பூனை எங்கடி போகும் ஒண்ணுக்கு?"ன்னுதான். எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. பதில் ரொம்ப சின்னது, லிட்டர் பாக்ஸ் (பூனை போற மண் டப்பா) ஷவருக்குள்ள இருக்கு, நாங்க குளிக்கறப்ப வெளிய எடுத்து வைப்போம், தினமும் அள்ளி குப்பையில போடுவோம், டாய்லெட்ல மட்டும் ஒருநாளும் கொட்டக்கூடாது ஏன்னா அந்தக் களிமண் பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவுத் தொட்டி) அடியில போய் சிமெண்ட் மாதிரி உக்காந்துடும். அவ்ளோதான். யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, நீங்க கடைக்குப் போயிருக்கறப்ப உள்ள எவ்ளோ சூடு? நாங்க எங்க தங்கறோம், எப்ப கிளம்பறோம், என்ன வாங்கறோம்னு முக்கால்வாசி முடிவு இந்தக் கேள்வியை வச்சுத்தான்.

கணக்கா சொல்றேன். 30 ஆம்ப் ஹூக்கப்னா, அதாவது பார்க்ல வண்டிக்குக் குடுக்கற கரண்ட் கனெக்ஷன்னா, மொத்தம் 3600 வாட்தான் கிடைக்கும். கூரை மேல இருக்கற 13,500 பிடியூ ஏசி ஓடறப்ப சுமார் 1500 வாட் இழுக்கும், வாட்டர் ஹீட்டரை கரண்ட்ல போட்டு வச்சிருந்தா அது ஒரு 1400, இது ரெண்டும் ஓடிட்டு இருக்கறது ஞாபகம் இல்லாம இன்ஸ்டன்ட் பாட்ல (கரண்ட் குக்கர்) பருப்பு வச்சா அது ஒரு 1000. ஆச்சா, 3900. பிரேக்கர் ட்ரிப். நீங்க உள்ள இருந்தா சிரிச்சுட்டு போய் ரீசெட் பண்ணுவீங்க, பருப்பை வச்சுட்டு வாக்கிங் போயிருந்தா உள்ள பூட்டின தகர டப்பால உங்க நாய். அதனால வெளிய கிளம்பறப்ப ஏசி, ஃபிரிட்ஜ் தவிர வேற எதுவும் கரண்ட்ல ஓடக்கூடாது, வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாத்திடணும், இது எங்க வீட்ல சட்டம்.

நம்ம தப்பு இல்லாமயும் போகும். டெக்சாஸ்ல ஒரு ஜூன் மாசம், ஆர்.வி பார்க் ஃபுல்லு, மத்தியானம் மூணு மணிக்கு எல்லா வண்டியிலயும் ஏசி ஓடுது, வோல்டேஜ் 120 இருக்க வேண்டிய எடத்துல இறங்கிக்கிட்டே போச்சு. எங்க கிட்ட இருக்கற சர்ஜ் ப்ரொடெக்டர் 104-க்கு கீழ போனா கரண்டையே கட் பண்ணிடும், ஏசி கம்ப்ரஸரைக் காப்பாத்தத்தான் அது, ஆனா அன்னைக்கு கம்ப்ரஸர் பத்திரமா இருந்துச்சு, மணி உள்ள மூச்சு வாங்கிட்டு இருந்தான். நாங்க 15 நிமிஷ தூரத்துல காய்கறி பொறுக்கிட்டு இருக்கோம், போன்ல அலர்ட், 84 டிகிரி ஃபாரன்ஹீட். தள்ளுவண்டியை அப்படியே விட்டுட்டு ஓடி வந்து கதவைத் திறக்கறப்ப 89. அவன் பாத்ரூம் தரையில வயித்தை ஒட்டிட்டு படுத்திருந்தான், சொக்கி சிங்க்குக்குள்ள.

அன்னைக்கு காப்பாத்தினது அந்த டெம்பரேச்சர் மானிட்டர். வாங்கறப்ப ஒரே ஒரு விஷயம் பாருங்க, அதுக்குள்ளயே சிம்மும் பேட்டரியும் இருக்கணும். வைஃபைல ஓடற மலிவு சென்சார் வேண்டாம், கரண்ட் போனா ரவுட்டரும் போயிடும், அப்ப அலர்ட் எங்கிருந்து வரும்? மாசம் கொஞ்சம் சந்தா கட்டணும், பரவால்ல. கூட கூரையில 12 வோல்ட் ஃபேன், தெர்மோஸ்டாட் வச்சது, ஏசி நின்னாலும் வண்டி பேட்டரில தானா ஓட ஆரம்பிக்கும், குளிர வைக்காது ஆனா நமக்கு கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்கும். ஜன்னல்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம், உள்ள நாய் பூனை இருக்கு, ஏசி சத்தம் கேக்கலைன்னா இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு. பக்கத்து சைட்காரங்ககிட்டயும் வாயால சொல்லிடுவோம், அவங்க ரிட்டையர்ட் ஆளுங்களா இருந்தா நாள் பூரா நம்ம வண்டியத்தான் பாத்துட்டு இருப்பாங்க, இந்த விஷயத்துல நம்ம ஊர் திண்ணை மாதிரிதான்.

ஹூக்கப் இல்லாம காட்டுல தங்கறோம், சோலார் இருக்கேன்னு சொல்றவங்களுக்கு, 100 ஆம்ப் ஹவர் லித்தியம் பேட்டரி ஒண்ணுல இருக்கறது சுமார் 1280 வாட் ஹவர். மேல சொன்ன ஏசிக்கு அது ஒரு மணி நேரம் கூட தாங்காது. அதனால வெயில் காலத்துல நாங்க செய்யறது உயரமா ஏறிடறது. ஆயிரம் அடி ஏறினா மூணு மூணரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். பீனிக்ஸ்ல வெளிய நின்னா மூஞ்சி வேகும், ரெண்டரை மணி நேரம் வடக்க ஓட்டினா ஃப்ளாக்ஸ்டாஃப், கிட்டத்தட்ட 7000 அடி, அங்க ராத்திரி போர்வை தேடணும். குளிர்காலத்துக்கு கீழ இறங்கிடுவோம், தெற்கு அரிசோனா பாலைவனம், பிஎல்எம்னு சொல்ற மத்திய அரசு நிலம், நிறைய எடத்துல 14 நாள் வரை காசு இல்லாம தங்கலாம்.

அடுத்தது ஸ்லைடு, அதாவது வண்டியை நிறுத்தினதும் பட்டனை அமுக்கினா சுவரோட வெளிய நீண்டு இடத்தைப் பெருசாக்கற பகுதி. பூனை வச்சிருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. ஸ்லைடு வெளிய போனதும் அடியில, ஓரத்துல எல்லாம் சந்து உருவாகும், பூனைக்கு அது சொர்க்கம். கிளம்பற அன்னைக்கு பட்டனை அமுக்கி உள்ள இழுத்தா அந்த மோட்டருக்கு பூனை எது சோபா எதுன்னு தெரியாது. எங்க வழக்கம் என்னன்னா பட்டன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் கண்ணால பாக்கணும், "அங்கதான் எங்கயோ இருக்கா"ன்னு சொல்றது செல்லாது, சொக்கி கேரியர்ல, மணி ட்ரக்ல, அப்புறம்தான் ஸ்லைடு. ஒருதடவை கேரியர்ல போட ஆளைக் காணோம், முக்கால் மணி நேரம் தேடி கடைசில டைனிங் பெஞ்சுக்கு அடியில தண்ணி பைப் போற ஓட்டை வழியா உள்ள போய் பம்ப் மேல தூங்கிட்டு இருந்தா. அந்த மாதிரி ஓட்டை எல்லாத்தையும் குடிவர்றதுக்கு முன்னாடியே பலகையோ கம்பி வலையோ வச்சு அடைச்சிடுங்க, டார்ச் எடுத்து தரையில படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

ஓடற ட்ரெய்லருக்குள்ள ரெண்டையும் விடாதீங்க, அது குலுங்கற குலுங்கல்ல கப்போர்டே திறந்துக்கும். நம்மகூட ட்ரக்லதான், மணிக்கு சீட் பெல்ட்ல மாட்டற ஹார்னஸ், சொக்கிக்கு கட்டி வச்ச கேரியர், மேல ஒரு துண்டு போட்டு மூடிட்டா அழுகையை நிறுத்திடுவா. ஒரு நாளைக்கு 200 மைல் தாண்டறதில்ல. பழக்கறதும் அப்படித்தான், முதல் ரெண்டு வாரம் வீட்டு வாசல்லயே வண்டியை நிறுத்தி உள்ள சோறு போட்டோம், அப்புறம் இன்ஜின் மட்டும் ஓட விட்டு ட்ரக்ல உக்கார வச்சோம், அப்புறம் பக்கத்து ஊர்ல ஒரு ராத்திரி. சத்தியமா பூனை நாயை விட சீக்கிரம் பழகிடுச்சு. மணிக்கு பிரச்சனை படிக்கட்டுதான், ஓட்டை ஓட்டையா இருக்கற இரும்புப் படி, காலை வைக்கவே மாட்டேன்னுட்டான், பழைய கார்பெட்டை வெட்டிச் சுத்தினதும் சரியாப் போச்சு.

நேஷனல் பார்க் ஆசையில கிளம்பறவங்களுக்கு கொஞ்சம் கசப்பான விஷயம். நாய்க்கு அங்க பெரும்பாலும் இடமில்ல. யெல்லோஸ்டோன்ல ரோடு, பார்க்கிங், கேம்ப்கிரவுண்டுலேர்ந்து 100 அடிக்குள்ளதான், ட்ரெயிலும் கிடையாது மரப்பலகை நடைபாதையும் கிடையாது, சுடுதண்ணி ஊத்துல குதிச்சா அவ்ளோதான்ல. அங்க நாங்க மாத்தி மாத்தித்தான் பாத்தோம், அவர் போயிட்டு வர்ற வரைக்கும் நான் நாயோட பார்க்கிங்ல. ஜயான்ல பாரஸ் ட்ரெயில் ஒண்ணு மட்டும். கிராண்ட் கேன்யன் தெற்குப் பக்கம் விளிம்பு மேல நடக்கலாம், கீழ இறங்கக்கூடாது, ஷட்டில் பஸ்ல ஏத்த மாட்டாங்க. ஆனா பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், வைட் சாண்ட்ஸ், கிழக்க அகேடியா இங்கெல்லாம் நாயை வரவேப்பாங்க, மணி வாழ்க்கையில சந்தோஷமா ஓடினது வைட் சாண்ட்ஸ் மணல்லதான், 6 அடி கயிறோட. நேஷனல் ஃபாரஸ்ட்னா இவ்ளோ கெடுபிடி இல்ல, பேர் ஒரே மாதிரி இருக்கும், குழப்பிக்காதீங்க. தனியார் ஆர்.வி பார்க்ல சில ஜாதி நாய்க்குத் தடை இருக்கும், பிட்புல், ராட்வைலர் வச்சிருக்கறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுடுங்க.

பாலைவனத்துல நடக்கறப்ப பாக்கெட்ல ஒரு சீப்பு வேணும். சோயான்னு ஒரு கள்ளி, லேசா உரசினா உருண்டையா ஒட்டிக்கும், கையால எடுத்தா கையிலயும் ஒட்டும், சீப்பை அடியில விட்டு வெடுக்குனு தட்டினா தெறிச்சுப் போகும், மிச்ச முள்ளுக்கு இடுக்கி. கலிஃபோர்னியா பக்கம் காஞ்ச புல்லுல ஃபாக்ஸ்டெயில் விதை, விரலிடுக்குல ஏறி தோலைத் துளைச்சு உள்ள போயிடும், நடந்து வந்ததும் விரல் விரலா, காது உள்ளயும் பாக்கணும். அரிசோனால தூசில இருக்கற பூஞ்சையால வேலி ஃபீவர் வரும், இருமல், காய்ச்சல், நொண்டறது. அறிகுறி மாசக்கணக்குல கழிச்சுக்கூட வரலாம், அதுக்குள்ள நீங்க ஒஹாயோ போயிருப்பீங்க, அங்க இருக்கற டாக்டருக்கு அது மனசுல தோணாது, "நாங்க அரிசோனால இருந்தோம்"னு நீங்களாச் சொல்லணும். இதயப்புழு மாத்திரையை வருஷம் பூரா மாசாமாசம் குடுங்க, கொசு இருக்கற ஊரைத் தேடித்தேடிப் போறது நாமதான்.

சாப்பாடு விஷயத்துல நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, சின்ன இடம், சமையல் மேடை நாய் மூக்கு உயரத்துல. வெங்காயம், பூண்டு, திராட்சை, சர்க்கரைப் பொங்கல்ல போடற காஞ்ச திராட்சை உட்பட, இதெல்லாம் நாய்க்கு விஷம். சாம்பார் சோறு மிச்சத்தைப் போடற ஊர்ப் பழக்கத்தை விட்டுடுங்க, வெறும் தயிர் சாதம் கொஞ்சம் பரவால்ல.

பேப்பர் வேலைல ரேபிஸ் சர்டிஃபிகேட் முக்கியம், போன்ல போட்டோவும் வேணும் பிரிண்டும் வேணும், நிறைய பார்க்ல கேப்பாங்க. மைக்ரோசிப் ரிஜிஸ்ட்ரேஷன்ல பழைய வீட்டு அட்ரஸ் இருந்தா பிரயோஜனமில்ல, அந்த சைட்டுக்குள்ள நுழைஞ்சு போன் நம்பரை மாத்துங்க, கழுத்துப்பட்டைல அட்ரஸே வேண்டாம், ரெண்டு போன் நம்பர் போதும். டாக்டருக்கு நிறைய மாநிலத்துல கிளை இருக்கற ஆஸ்பத்திரியாப் பாத்து சேந்தா ரெக்கார்டு ஒரே எடத்துல இருக்கும். கனடா போறதா இருந்தா, மூணு மாசம் தாண்டின நாய் பூனை ரெண்டுக்கும் ரேபிஸ் சர்டிஃபிகேட் வேணும். திரும்பி வர்றப்பதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, 2024 ஆகஸ்ட் 1-லேர்ந்து நாய்க்கு சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்பு) ஃபார்ம் ஆன்லைன்ல நிரப்பி ரசீது காட்டணும், நாய்க்கு 6 மாசமாவது ஆகியிருக்கணும், மைக்ரோசிப் இருக்கணும். அமெரிக்கா நாய்தானே, போயிட்டு திரும்பத்தானே வர்றோம்னு சொன்னாலும் விடமாட்டாங்க. பூனைக்கு இந்த ஃபார்ம் கிடையாது. ரசீதை பிரிண்ட் எடுத்து ட்ரக் டேஷ்போர்டுலயே வச்சிடுங்க, பார்டர் வரிசைல நிக்கறப்ப போன்ல சிக்னல் தேடிட்டு இருக்க முடியாது.