ஜாஸ் ஹார்மனி: கீபோர்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஜாஸ் கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஆரம்பத்தில் நான் எங்கெங்கே தடுமாறினேனோ, அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். தாளம் நழுவுவது, சஸ்டெயின் பெடலை மிதித்தபடியே வாசிப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொன்னால் ஒழியச் சரியாகாதவை மட்டும் கீழே.

எந்தப் பாட்டுக்கும் 2-5-1 போடுவது

இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அதனால் இதற்கே அதிக இடம்.

ஜாஸ் பாடத்தை எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே வந்து நிற்பது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. சி ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் நோட்டுகளில் எழும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்); அதனால்தான் இதற்கு 2-5-1 என்று பெயர். டி மைனர் 7-இல் உள்ள சி ஒரு செமிடோன் (அடுத்த கட்டை அளவு) இறங்கி ஜி 7-இன் பி ஆகிறது. எஃப் அசையாமல் நிற்கிறது. அடுத்த கார்டில் அந்த எஃப் இறங்கி ஈ ஆகிறது, பி நிற்கிறது. இரண்டு விரல்கள் மாறி மாறி இப்படி இறங்கினாலே பாட்டு வீடு வந்து சேர்ந்த உணர்வு கிடைத்துவிடும். பன்னிரண்டு கீயிலும் இதைப் பழகச் சொல்கிறோம், அது நியாயமான பயிற்சிதான். ஆனால் இந்த ருசி கண்டவர்கள் அப்புறம் இதை எங்கேயும் விடுவதில்லை.

ஒரு ஒத்திகையில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’ போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 32 பார் (தாளச் சுற்று). முதல் 16 பார் டி டோரியன் (டி-யில் தொடங்கும் வெள்ளைக் கட்டை ஸ்கேல்), அடுத்த 8 பார் ஒரு செமிடோன் மேலே ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 பார் மறுபடி டி. ஹார்மனி அவ்வளவுதான். பியானோவில் இருந்த பையன் இரண்டு பாருக்கு ஒருமுறை ஈ ஹாஃப் டிமினிஷ்ட், ஏ 7 என்று (டி மைனருக்கான 2-5) போட்டு டி மைனருக்கு வந்துகொண்டே இருந்தான். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை வாசலுக்கு இழுத்துப்போய் மறுபடி மறுபடி ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுவது போல இருந்தது. சாக்ஸபோன்காரர் சி நோட்டை நீட்டிப் பிடித்தால், கீழே ஏ 7-இன் சி ஷார்ப் வந்து மோதும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாசிப்பதையே நிறுத்திவிட்டார். பையன் கெட்டிக்காரன். படித்ததை ஒரு நோட்டும் பிசகாமல்தான் வாசித்தான். அந்தப் பாட்டு ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930-இல் இசையமைப்பாளர் கெர்ஷ்வின் எழுதிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்டு வரிசையை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. 1940களில் சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி போன்றவர்கள் அதே எலும்புக்கூட்டின் மேல் புதிய மெட்டுகளைக் கட்டினார்கள்; இடையிடையே கார்டுகளைக் கூட்டினார்கள்; வேகத்தையும் ஏற்றினார்கள். பீபாப் என்ற இந்தப் பாணியில் சோலோ (தனியாக மெட்டு கட்டி) வாசிப்பது என்றாலே ஓடுகிற கார்டுகளைத் துரத்திப் பிடிப்பது என்றாகிவிட்டது. மைல்ஸ் விலக நினைத்தது இதிலிருந்துதான். 1959 மார்ச், ஏப்ரலில் பதிவான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் அவர் கார்டுகளைக் குறைத்து, ஒரே ஸ்கேலில் நின்று யோசிக்க இடம் கொடுத்தார். அதிலுள்ள ‘சோ வாட்’டில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வாசிக்கும் கார்டைக் கையில் பிடித்துப் பாருங்கள்: ஈ, ஏ, டி, ஜி, பி. கீழிருந்து மூன்று ஃபோர்த் (ஐந்து செமிடோன் இடைவெளி), உச்சியில் ஒரு மேஜர் தேர்ட் (நான்கு செமிடோன்). எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமே அதில் இல்லை. மைல்ஸ் வேண்டுமென்றே காலி செய்த இடத்தில்தான் நாம் ஏ 7-ஐக் கொண்டுபோய் அடைக்கிறோம்.

அதே பதிவில் சாக்ஸபோன் வாசித்த கேனன்பால் ஆடர்லியின் சோலோவில் பீபாப் வாசனை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. சோலோ வாசிக்கிறவர் வெளியே போய்விட்டுத் திரும்பலாம். கார்டு பிடிக்கிறவரும் கூடவே கிளம்பிவிட்டால் அவர் எங்கே திரும்புவார்?

இதனால் ‘எளிமை வந்தது, சிக்கல் போனது’ என்று கணக்குப் போட வேண்டாம். அதே ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அடுத்த மாதமே ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தார். பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று கீக்களுக்குள் தாவிக்கொண்டே இருக்கும் பாட்டு அது. அங்கே 5-1 தெரியாதவர் ஒரு வரி தாண்ட முடியாது. 1960களில் மைல்ஸோடு பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக், 1973-இல் ‘கமீலியன்’ பாட்டின் முதல் பகுதி முழுவதையும் இரண்டே கார்டில் ஓட்டினார். ஒரே தலைமுறைக்குள், ஏன், ஒரே ஆளின் கைக்குள் இத்தனை மாற்றம். 2-5-1 தவிர வேறு தெரியாத கைக்கு அந்த இரண்டு கார்டு சலித்துவிடுகிறது. உடனே மூன்றாவதைத் தேடுகிறது. அந்தப் பழக்கத்தை விடுவிக்க மாதக்கணக்கில் ஆகிறது.

பழைய பாட்டை மேஜர் 7-இல் முடிப்பது

ஸ்விங் காலத்துப் (பீபாப்புக்கு முந்தைய) பாட்டுகளில் கடைசி கார்டு பெரும்பாலும் 6 கார்டுதான்: சி, ஈ, ஜி, ஏ. மெட்டு சி-யில் வந்து நிற்கும்போது நீங்கள் மேஜர் 7 போட்டால், உள்ளே இருக்கும் பி அதை உரசும். பாடுகிறவர் முகத்திலேயே அது தெரிந்துவிடும். கவுண்ட் பேஸி குழுவில் ஃப்ரெடி கிரீனின் கிதாரைக் கேளுங்கள். சின்னச் சின்ன கார்டுகள், பாருக்கு நாலு தட்டு. அதற்கு மேல் அங்கே எதுவும் தேவைப்படவில்லை.

பேஸ் கிதார் இருக்கும்போது இடது கையில் ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் அடி நோட்டு)

வேண்டாம்.

‘ரியல் புக்’கை மட்டும் நம்புவது

ஜாஸ் பாட்டுகளின் மெட்டையும் கார்டுகளையும் 1970களில் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் தொகுத்து, உரிமம் இல்லாமலே கைக்குக் கை பரவிய புத்தகம் இது. உரிமம் பெற்ற பதிப்பு 2004-இல்தான் வந்தது. அதில் 1930களின் பாட்டுக்கும் பல இடங்களில் பிற்கால ரெக்கார்டுகளின் கார்டுகளே இருக்கும். ஒரு பாட்டை எடுத்தால் கிடைப்பதிலேயே பழைய பதிவு ஒன்றையும், இருபது முப்பது வருடம் தள்ளி வந்த பதிவு ஒன்றையும் கேளுங்கள். இரண்டிலும் பேஸை மட்டும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். என் மாணவர்களிடம் அந்த இரண்டும் வேறுபடும் பார்களை மட்டும் கொண்டுவரச் சொல்வேன். வகுப்பை அங்கிருந்துதான் தொடங்குவோம்.