பழைய விஜிஏ மானிட்டரைப் புதிய கார்டில் மாட்டுவது

ரங்கூனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்பில் 17 அங்குல எல்சிடி மானிட்டர்கள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் படக் கம்பி மாட்ட நீல விஜிஏ முனை என்ற பழைய வகை மட்டும்தான். போன வருடம் ஒருவர் வகுப்புக்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தார். பின்னால் திருப்பிப் பார்த்தால், படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் புதிய வகை முனைகள்: எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்பிளே போர்ட் மூன்று, அவ்வளவுதான். மானிட்டர்களைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. 1280க்கு 1024 புள்ளி என்ற அந்த உயரமான திரையில் ஒரு பாடப் பக்கம் முழுதாகத் தெரியும், பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகக் கம்பியில் போகும்; இதுதான் அனலாக். இன்றைய கார்டு படத்தை எண்களாக மட்டுமே வெளியே விடும். என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 980 கார்டு வரை டிவிஐ என்ற இன்னொரு வகை முனையில் அனலாக் இருந்தது; 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 கார்டில் இல்லை. உங்கள் கார்டில் டிவிஐ இருந்தால், அதன் தட்டையான பிளவைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண மாற்று முனையே போதும்.

இல்லையென்றால், எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப் உள்ளே இருக்கும் அடாப்டர்தான் வேண்டும். இதில்தான் நான் காசை விட்டேன். முதலில் ஒரு கடையில் எச்டிஎம்ஐ ஒரு முனை, விஜிஏ மறு முனை என்று வெறும் கேபிளைக் கொடுத்தார்கள். உள்ளே சிப் கிடையாது, படமும் வரவில்லை. இரண்டாவதாக வாங்கியது விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டி. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்த் திசை. வாங்கும்போது எதிலிருந்து எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

என் கருத்தில் டிஸ்பிளே போர்ட் அடாப்டரே மேல். அந்த முனை 3.3 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும்; சிப்புக்குத் தாராளம். எச்டிஎம்ஐ உறுதியாகத் தருவது 55 மில்லி ஆம்பியர்தான். அதனால் எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினால் பக்கத்தில் யுஎஸ்பி மின்கம்பி உள்ளதாகப் பாருங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாட்டுங்கள். மதர்போர்டில் (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையில்) விஜிஏ துளை கண்ணில் பட்டாலும் அதில் செருக வேண்டாம். அப்படிச் செய்தால் கார்டு சும்மா இருக்கும். படம் வந்ததும் 1280 x 1024, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) வையுங்கள். வேறு அளவு வைத்தால் எழுத்து மங்கும், வட்டம் முட்டையாகும். கண்ணாடிக் குழாய் மானிட்டர் என்றால் 60இல் கண் கூசும். 1024 x 768இல் 85 வைக்கலாம், அந்த மானிட்டர் தாங்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால் மட்டும்.

அப்புறம் எல்சிடியில் படத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ பட்டன். வெறும் நீலத் திரையில் அதை அழுத்தாதீர்கள். ஓரம் எது, புள்ளி எது என்று மானிட்டருக்குப் பிடிபடாது. நான் திரை நிறையச் சின்ன எழுத்தில் ஒரு பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு அழுத்துவேன். அதன் பிறகும் எழுத்து நடுங்கினால், மெனுவில் ஃபேஸ் (Phase) என்பதை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். ‘ணி’யின் சுழி மூன்றும் தனித்தனியாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும், வகுப்பு பாதி நேரம் இன்வெர்ட்டரில்தான் நடக்கும். அப்போது திரையில் மெல்லிய பட்டைகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. அடாப்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில், மானிட்டர் வேறு சுவரில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியதும் பட்டை நின்றது.

விஜிஏ முனையின் இரண்டு திருகையும் விரலாலேயே இறுக்குங்கள், பிள்ளைகள் மேசையை ஆட்டினாலும் நிறம் மாறாது. டிஸ்பிளே போர்ட்டைக் கழற்றும்போது மேலே உள்ள கொக்கியை அழுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.