அந்தியில் பூக்கும் பீர்க்குக்கு அந்தியில் மருந்தா?

"மருந்தைச் சாயங்காலம் அடி, தேனீ சாகாது" என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பூசணி விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும். அதற்கு மாலை மருந்து பொருந்தும். ஆனால் பாவூர்சத்திரம் சந்தைக்கு ஏறும் பீர்க்கும் சுரையும் புடலையும் வெயில் தணிந்த பிறகுதான் பூக்கின்றன. புடலையின் நூல் நூலான வெள்ளைப் பூவைத் தேடி அந்துப்பூச்சி இருட்டில் வருகிறது. அந்த நேரத்தில் தெளிப்பானைத் தோளில் மாட்டினால் வந்த அந்துப்பூச்சியும் போய்விடும், பிஞ்சும் நிற்காது. இந்தப் பந்தல்களுக்கு, முந்தைய இரவின் பூ வாடிய பிறகு காலையில் அடிப்பதே மேல். பக்கத்தில் பூசணி பூத்திருந்தால் காற்றின் திசையையும் பாருங்கள்.

பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தாலே நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுவது அடுத்த தவறு. பழ ஈ கொட்டியிருந்தால் தோலில் ஊசி குத்திய மாதிரி புள்ளி தெரியும். புள்ளி இல்லையென்றால் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போதுமான அளவு வந்து சேராமல் இருக்கலாம். வெள்ளரி ஒரு பக்கம் மெலிந்து வளைவதற்கும் இது ஒரு காரணம். அப்போது மருந்தடிப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

கத்தரிக்கு வருவோம். அதன் மகரந்தப்பைகள் குழல் போல நிற்கும். திறப்பு நுனியில் மட்டும்தான். தேனீப் பெட்டியில் வளரும் அடுக்குத் தேனீக்கு அதை உலுக்கத் தெரியாது. கருவண்டுக்குத் தெரியும். காலையில் ஒரு செடிக்கு முன் குந்தியிருந்து பாருங்கள்: வண்டு பூவைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்து உடலை அதிரவைக்கும், பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறும், மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். இதைத் தெரிந்துகொள்ளுமுன், தொழுவத்து மூங்கிலைத் துளைக்கிறது என்று நானே ஒரு வருடம் அதன் பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இப்போது காய்ந்த மூங்கில் கழிகளை வேலியோரம் விட்டு வைக்கிறேன்.

பெட்டி வைப்பவர்கள் பூக்கும் முன்பே கொண்டுவந்து இறக்க வேண்டாம். தேனீ பழகிய பூவையே திரும்பத் திரும்பத் தேடும். வேலியோரச் செடியில் பழகிவிட்டால் உங்கள் தர்பூசணி அதன் கண்ணில் படாது. ஓரளவு பூத்த பிறகு, இரவில் வாசலை அடைத்துக் கொண்டுவாருங்கள்.

களக்காட்டுப் பக்க வாழைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வாழை மகரந்தம் இல்லாமலே காய்க்கும். ஆனால் வாழைப்பூவில் தேன் குடிக்க வரும் தேனீதான் அடுத்த வயல் பூசணிக்கும் போகிறது. குலை தள்ளும்போது மருந்தைக் கொஞ்சம் யோசித்து அடியுங்கள்.