பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால்: வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்கு

வேர்க்கடலையோ திராட்சையோ சிக்கிய பிள்ளை சத்தமாக இருமினால் தொடாதீர்கள், தண்ணீரும் வேண்டாம். இருமலே அதை வெளியே தள்ளும். சத்தம் அடங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே செயலில் இறங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

1 வயதுக்குள் என்றால் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. அடைப்பு விலகும்வரை மாறிமாறி. இந்த வயதில் வயிற்றை அழுத்தினால் ஈரல் காயப்படும்.

பெரிய பிள்ளைக்கும் முதலில் 5 தட்டுதான். அடுத்து பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 இழுப்பு.

கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போகும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு இதுதான். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி, நெஞ்சில் 30 அழுத்து, வாயோடு வாய் 2 மூச்சு. ஒவ்வொரு சுற்றிலும் வாய்க்குள் பாருங்கள்.

வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கடலைத் துண்டு நுரையீரலுக்குள் தங்கிவிடுவதுண்டு. நாள்கணக்கில் நீளும் இருமல் அதன் அடையாளம். பெற்றோரிடம் நடந்த நேரத்தையும் செய்ததை எல்லாமும் அன்றே சொல்லிவிடுங்கள்.