'ஃபோ பா' எங்கே பொருந்தும்?

ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் 'ஃபோ பா' (faux pas) பிரெஞ்சுச் சொல். நேர்ப்பொருள் 'பிழையான காலடி'. இதை 'ஃபாக்ஸ் பாஸ்' என்று வாசித்துவிடாதீர்கள். முதற்சொல்லின் கடைசி எக்ஸும் இரண்டாவதன் எஸ்ஸும் ஒலிக்காது. பன்மைக்கும் அதே எழுத்துத்தான், ஆனால் அப்போது மட்டும் கடைசி எஸ் ஒலிக்கும்.

எல்லாப் பிழைக்கும் இது சரிவராது. கணக்கில் கூட்டல் பிழைத்தால் அது வெறும் 'மிஸ்டேக்'. ஊர் வழக்கம் அறியாமல் நாலு பேர் முன்னால் சங்கடப்படும்படி நடந்தால்தான் ஃபோ பா. திருகோணமலையில் ஒரு செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று சொன்னால் என்ன ஆகும்? மற்ற இடங்களில் மரியாதையான அதே வார்த்தை, அங்கே இன்னொரு சாவுக்கும் வருவேன் என்பதுபோல் படும். பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. கோணேசர் கோயிலுக்குள் செருப்போடு நுழைவதும் இந்த வகைதான். வேண்டுமென்றே செய்தால் அது அவமதிப்பு. அதற்கு இந்தச் சொல் மிக மென்மையானது.

வசனத்தில் 'கமிட்' அல்லது 'மேக்' என்ற வினையோடு எழுதுங்கள், 'டூ' வேண்டாம். தமிழில் 'இங்கிதப் பிழை' நன்றாகவே பொருந்தும்.